போர்வை வாங்குகிறவள்

"கை வலிக்குதுன்னு நீங்களே சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது, அக்கா" என்றான் பியோங்சூ. கும்ஹியின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த வலிப் பட்டையைப் பார்த்தபடியே சொன்னான். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொரியாவின் மோக்போ நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில், வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் அவர்கள் வேன் நின்றிருந்தது. அணியில் மற்றவர்கள் குச்சியில் செருகிய சூடான மீன் கேக் வாங்க வரிசையில் நின்றார்கள். எல்லாரும் வாண்டோ தீவில் ஒரே கடற்பாசி ஆலையில் வேலை பார்ப்பவர்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஆலைகளுக்கு இடையிலான கம்ப்யூட்டர் விளையாட்டு இறுதிப் போட்டி.

அந்த விளையாட்டில் பக்கத்துக்கு ஐந்து பேர். நான்கு பேர் அடிப்பார்கள். ஐந்தாவது ஆள் அவர்களைக் காப்பாற்ற வேண்டும். பேரும் புகழும் இல்லாத அந்த இடம் மூன்று வருடமாகக் கும்ஹியுடையது. ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசில் அவள் எப்போதும் வாங்குவது வெள்ளைப் போர்வை. அதை யார் மேல் போடுகிறாளோ, அவர் பிழைத்துக்கொள்வார்.

போன வியாழக்கிழமை வந்த அப்டேட் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. போர்வை நைந்த துணியாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் காவல் மணி என்று புதிதாக ஒன்று வந்தது. சரியான நொடியில் அடித்தால் பக்கத்திலிருக்கும் அத்தனை பேரும் பிழைப்பார்கள். நொடி தப்பினால் ஒருவரும் இல்லை.

கும்ஹிக்கு அந்த நொடி பிடிபடவே இல்லை. மூன்று நாள் பயிற்சியில் ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் கை பழக்கத்தில் போர்வையையே வாங்கிவிட்டாள். அக்கா இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கிறார் என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

மாற்று ஆளாக வந்த பாய்லர் பிரிவு தோயூனுக்கு மணி இரண்டே நாளில் கைவந்துவிட்டது. அணித் தலைவனான பியோங்சூ வேறு என்னதான் செய்வான்? ஆலையில் சேர்ந்த முதல் மாதம் தனக்குத் தினமும் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தவளிடம் போய், நீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? அதனால்தான் கைவலி என்ற சாக்கு.

"நேத்து சாயங்காலம் நான் ஒரு..." என்று கும்ஹி ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அக்கா. நீங்க என்ன சொன்னாலும் என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு."

அவள் வேனை நோக்கி நடந்தாள். வேனுக்குள் ஏறியதும் கை வலிக்கிறது, இன்று தோயூன் ஆடட்டும் என்று அவளே சொன்னாள். எந்தக் கை என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கையிலிருந்த மீன் கேக்கை உன்னிப்பாகப் பார்த்துத் தின்றார்கள்.

முதுகில் தன் பெயர் தைத்திருந்த அணி ஜாக்கெட்டைக் கழற்றி தோயூனிடம் கொடுத்தாள். "தோள்ல கொஞ்சம் பிடிக்கும். கையை ரொம்பத் தூக்காதே, கிழிஞ்சிடும்" என்றாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டானே தவிர, மோக்போ வரும்வரை போட்டுக்கொள்ளவில்லை.

போட்டி மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் இருந்த பத்துக் கம்ப்யூட்டர்களும் இரண்டு வாரமாக முத்திரை வைத்துப் பூட்டிக் கிடந்தவை. எல்லார் முன்னிலையிலும் நடுவர் ஒவ்வொரு முத்திரையாகக் கிழித்தார். கூட்டம் கைதட்டியது.

மேடைப் படியருகே கும்ஹி மறுபடியும் வந்தாள். ஒரே நிமிடம் தோயூனிடம் பேச வேண்டும் என்றாள். பியோங்சூ குறுக்கே நின்றான். அவள் அழுதுவிடுவாளோ, இருந்த தைரியமும் அவனுக்குப் போய்விடுமோ என்ற பயம்.

"உக்காருங்க அக்கா. எல்லாரும் பாக்கறாங்க. என்னை இதுக்கு மேல தலைகுனிய வைக்காதீங்க."

அவள் திரும்பிப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்து பேருடைய பைகளும் அவள் மடியில் குவிந்திருந்தன. அதற்குப் பிறகு பியோங்சூ அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் காசு சேர்ந்ததும் தோயூன் ஆட்டத்துக்குள் இருக்கும் கடையைத் திறந்தான். மேலிருந்து கீழே தேடினான், கீழிருந்து மேலே தேடினான்.

"அண்ணா, மணி இல்லை."

"நல்லாப் பாருடா."

"வெறும் போர்வைதான் இருக்கு. அதை எப்ப யார் மேல போடணும்னு எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூட அதை வெச்சு ஆடினதில்லை."

பியோங்சூ கையைத் தூக்கினான். ஆட்டம் நின்றது. நடுவர் வந்ததும், கம்ப்யூட்டரில் அப்டேட் ஏற்றவில்லை, இதில் எப்படி ஆடுவது என்று அவன் குரலை உயர்த்தினான்.

போட்டி அறிவித்த அன்று எந்தப் பதிப்பு இருந்ததோ அதில்தான் இறுதிவரை ஆட்டம், அதற்காகத்தான் பூட்டியே வைத்திருந்தோம் என்றார் நடுவர். ஆளை மாற்றிக்கொள்ளலாமா என்று பியோங்சூ கேட்டான். தொடங்கிய பிறகு முடியாது என்றார்.

"அப்ப முன்னாடியே எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்ல?"

நடுவர் அவனை வியப்பாகப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் கும்ஹின்னு உங்க அணிக்காரங்க போன்ல கேட்டு எழுதிக்கிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"