உறை பிரித்து வாசித்தவர்

மூன்றாம் பக்கத்தில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் குடித்தார். சபை காத்திருந்தது.

கரூரில் இருக்கும் அந்த ரோம நாகரிக ஆய்வுக் கழகத்தில் ஒரு வினோதமான வழக்கம். எழுதியவர் தன் கட்டுரையைத் தானே வாசிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி, பெயர் வருகிறவர் மேடையில் நின்று உறையைப் பிரித்து வாசிக்க வேண்டும். ஒரு வரியும் விடக் கூடாது. செயலாளர் நகலை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பென்சிலால் தொட்டுக்கொண்டே வருவார்.

யாருக்கும் தலைக்கனம் ஏறிவிடக் கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு. இத்தனை வருடமாக அதை மெச்சிக்கொண்டிருந்தவரே இன்று மேடையில் நிற்கும் அவர்தான்.

இன்று கையில் இருப்பது யசோதா எழுதியது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். மண்பொருளைச் சூளையில் சுட்டது எப்போது என்று கண்டுபிடிக்கும் சோதனை பற்றிய கட்டுரை. முதல் இரண்டு பக்கமும் இயந்திரமும் வெப்பமும். ஜோராகத்தான் வாசித்தார்.

மூன்றாம் பக்கத்தில் விளக்கு வந்துவிட்டது.

நொய்யல் கரையில் அவர் நடத்திய அகழாய்வில் கிடைத்த ரோமானிய விளக்கு. கழகத்தின் முத்திரையில் இருப்பது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

உண்மையில் அது ஓட்டுச் சூளை ஒன்றில் அவர் சொல்லிச் சுட்டு வாங்கியது. குழியில் வைத்ததும் அவர்தான். மூன்று பருவம் தோண்டியும் ஓட்டாஞ்சில்லைத் தவிர எதுவும் வராத ஆத்திரத்தில் செய்த காரியம்.

வாசித்தார். வேறு வழி?

விளக்கைச் சுட்டு நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை என்று வாசித்தார்.

யாரோ இருமினார்கள்.

யசோதா தலை நிமிரவில்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

நான்காம் பக்கம். சூளை இருந்த ஊர்.

ஐந்தாம் பக்கம். அகழாய்வு நடந்த ஆண்டு, மாதம், கிழமை.

இனி ஒரே ஒரு தாள். அதில் பெயர் இருக்கும். தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லப் போகிறார். அவமானத்தில் இப்போதே காது சுட்டது.

தாளைத் திருப்பினார்.

நாச்சிமுத்து.

அந்த அகழாய்வில் அவருக்குக் கீழே படம் வரைந்தவர். இதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

விளக்கு கிடைத்த அன்று மதியம் குழியில் இருந்தது நாச்சிமுத்து மட்டும் என்று அகழாய்வு நாட்குறிப்பு சொல்கிறது. விளக்கை எடுத்ததும் நாச்சிமுத்து என்கிறது. சூளை இருந்ததோ நாச்சிமுத்துவின் மாமனார் ஊரில். ஆகவே வைத்தவரும் அவராகவே இருக்க வேண்டும் என்று முடித்திருந்தாள் யசோதா.

அந்த நாட்குறிப்பை எழுதியவரே மேடையில் நிற்கும் இவர்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் உதவும் என்று, அன்றைக்கே யோசித்து எழுதியது. பிறகு மறந்தே போயிருந்தார்.

தான் விளக்கை வைத்ததை நாச்சிமுத்து பார்த்திருப்பாரோ என்று முதல் ஒரு வருடம் தூக்கம் கெட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. நாச்சிமுத்து பார்த்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

முதலில் வந்தது நிம்மதி.

அது வந்ததில் அவருக்கே பயமாக இருந்தது.

பெயரை வாசித்தார். தெளிவாகத்தான் வாசித்தார்.

ஆட்சேபம் உண்டா என்று வாசித்தவரைத்தான் முதலில் கேட்பார்கள். தலைவர் கேட்டார்.

சபை முழுவதும் திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தது. நாச்சிமுத்து அவரை மட்டும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி காத்திருந்தார்.

இப்போது சொன்னால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். நாச்சிமுத்து தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். இவருக்குத்தான் அப்புறம் எதுவும் மிஞ்சாது.

இல்லை என்றார்.

செயலாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.

நாச்சிமுத்து எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள். வெளியே போய்விடுவார் என்றுதான் இவர் நினைத்தார். நாச்சிமுத்து மேடைப் படி ஏறி, பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்லாப் படிச்சீங்கண்ணா.”

மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.