வெள்ளிப் பட்டை

‘மார்ச் 14, செவ்வாய். பழுதான டயோடைக் குப்பையில் போடாமல் சட்டைப்பையில் போட்டு வந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்.’

எழுதிவிட்டு ரோஸ்னானி நிமிர்ந்தாள். எதிரே தரையில் அவள் கணவன் சுல்ஹெல்மி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டயோடு என்றால் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட வேண்டும்; ஆனால் அன்று மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அந்த டயோடை முன்னோக்கி இணைத்தபோது மின்சாரம் பாயவில்லை. தலைகீழாக இணைத்தபோது தாராளமாகப் பாய்ந்தது. தன் கைமேல் நம்பிக்கையில்லாமல் அவள் திரும்பத் திரும்பச் சோதித்தாள்.

“பட்டையைப் பக்கம் மாத்தி அடிச்சிருக்காங்கடி. உன் ஷிஃப்ட்ல வந்த சரக்காத்தான் இருக்கும்!” என்று சிரித்தாள் பக்கத்து மேசை சியூ கெங். டயோடுகளில் திசை காட்டும் அந்த வெள்ளிப் பட்டையை அடிப்பதுதான் பினாங்குத் தொழிற்சாலையில் பகலெல்லாம் ரோஸ்னானி பார்க்கும் வேலை.

வீட்டில் சுல்ஹெல்மி காத்திருந்தான். “வந்துட்டாங்க இஞ்சினியரம்மா! சோறு யாருடி ஆக்குறது?” என்று ஹெல்மெட்டால் அவள் முகத்தில் அடித்தான். வழக்கமான அடிதான். அவளுக்கு வலிக்கவில்லை. அவன் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. வெறியோடு அவள் வாயில் குத்தினான். அவனுடைய பற்கள் இரண்டு சம்பல் கிண்ணத்தில் விழுந்தன.

“என்னடி பண்ண?”

“தெரியலங்க, அபாங். நான் சும்மாதானே நின்னேன்.”

இப்போது அவன் சுவரைப் பிடித்து எழுந்து சமையலறைக்குள் போனான். கத்திகள் இருக்கும் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ரோஸ்னானி எழுந்து ஓடவில்லை. சட்டைப்பையில் இருந்த டயோடைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுத்த வரியை எழுதினாள்.

‘நாளைய பயிற்சி: தலைகீழாக இணைத்த டயோடில், அது உடையும்வரை மின் அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பது.’