கதவைப் பார்க்கும் கழுதை

மூன்று மணிக்குக் குழாயை எடுப்பார்கள்.

அதற்குப் பிறகு குழந்தை தானாக மூச்சு விட வேண்டும். காலையில் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

இப்போது இரண்டே கால்.

அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பச்சிளம் குழந்தைகள் பிரிவின் கதவு. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. வெள்ளை வெளிச்சத்தைத் தவிர அதில் ஒன்றும் தெரியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் கிறிஸ்துமஸ் குடில்.

புளோரா சிஸ்டர் கட்டியது. தடுப்பூசி வந்த தெர்மகோல் பெட்டிதான் தொழுவம். குளுக்கோஸ் ஏற்றும் குழாயைப் பின்னிக் கூரை போட்டிருந்தார். மாதா ஒரு மருந்துக் குப்பி. சூசையப்பர் ஒரு சுருள் கட்டுத்துணி. ஆடுகள் வெறும் பஞ்சு. மாட்டையும் கழுதையையும் மட்டும் மாவுக்கட்டுத் துணியில் செய்திருந்தார். கையுறையின் விரல் நுனிகளை வெட்டிக் கழுதைக்குக் காது வைத்திருந்தார்.

நடுவில் தீவனத் தொட்டி. அதில் கொஞ்சம் பஞ்சு.

பஞ்சின் மேல் யாருமில்லை.

காலையில் அவள் சிஸ்டரிடம் அதைத்தான் கேட்டாள். பிள்ளையை எங்கே என்று.

“ராத்திரிதாம்மா பொறப்பாரு. அதுவரைக்கும் தொட்டி காலியாத்தான் கெடக்கும்.”

அந்தப் பிள்ளை நேரம் பார்த்து வருகிறது. அவளுடையது பார்க்கவில்லை. மாசியில் வர வேண்டியது, கார்த்திகையிலேயே வந்துவிட்டது.

பெஞ்சில் பக்கத்தில் கயத்தாறுக்காரி. இந்த நடைவழியில் பெண்களுக்கு ஊர்தான் பெயர்.

“கழுத எதுக்கு சிஸ்டர்?” என்று காலையில் கயத்தாறுக்காரி கேட்டிருந்தாள். “மூஞ்சி எங்க வீட்டுக்காரரு கணக்காவே இருக்கு.”

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

சிஸ்டர்தான் சிரித்தார். “குளிருல்லா. மாடும் கழுதையும் ரெண்டு பக்கமும் நின்னு மூச்சு விட்டுத்தான் பிள்ளைய சூடா வச்சிருந்துதாம். பைபிள்ல அப்படிலாம் கெடையாது. ஆனாலும் எல்லாரும் வைப்போம். தொட்டுராதீங்க, இன்னும் காயல.”

கயத்தாறுக்காரிக்கும் உள்ளே ஒன்று இருக்கிறது. இரட்டையில் ஒன்று.

மற்றது தவறிய அன்று, போன வெள்ளிக்கிழமை, கதவு திறந்தது. கயத்தாறுக்காரியை யாரும் கூப்பிடவில்லை.

“கூட வந்த ஆம்பளைங்க யாரு?” என்றுதான் கேட்டார்கள்.

மூன்று மணிக்காகக் காத்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

“டீ குடிச்சிட்டு வாங்க.”

“இப்பதான குடிச்சேன்.”

“எனக்கு வேணும். இங்க உள்ளது வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில வாங்கிட்டு வாங்க.”

“அவ்வளவு தூரமா? மூணு மணிக்கு...”

“போங்கன்னா போங்க.”

அவன் போனான். படிகளில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி, கூப்பிட ஆண் யாருமில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுக் கத்தியது. நின்றது. நின்றது நல்லதா என்று தெரியவில்லை.

அவள் எழுந்தாள்.

மேசையிடம் போனாள். கழுதை தொட்டியின் மேல் குனிந்திருந்தது. அதன் மூச்செல்லாம் பஞ்சில் விழுந்துகொண்டிருந்தது.

ராத்திரிவரை அங்கே யாருக்கும் மூச்சு வேண்டாம்.

இரண்டு கைகளாலும் கழுதையைத் தூக்கினாள். ஈரமாக, சில்லென்றிருந்தது. முகம் கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

கையை எடுத்தபோது ஒரு காது அவளோடு வந்துவிட்டது.

ஒட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. மறுபடியும் ஒட்டினாள். விழுந்தது.

காதைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கயத்தாறுக்காரி பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்.

காது கழன்றிருக்கக் கூடாது. இன்றைக்குப் போய் கழன்றிருக்கக் கூடாது. தொட்டிருக்கவே கூடாது.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டது.

கண்களை மூடிக்கொண்டாள். தானும் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் முடிந்தது. விட்டாள். மறுபடி அடக்கினாள். இப்போது எடுத்திருப்பார்கள். இப்போது. பக்கத்தில் பெஞ்சு லேசாக அசைந்தது. யாரோ எழுந்த மாதிரி. பிறகு உட்கார்ந்த மாதிரி.

கண்ணைத் திறந்தாள்.

மேசையில் மாடும் கதவைப் பார்த்து நின்றது.

கயத்தாறுக்காரி குனிந்து, நகத்திடுக்கில் அப்பியிருந்த வெள்ளை மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.



கதவு திறந்தது.

புளோரா சிஸ்டர். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் நடைவழியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போயின. அவள் கணவன் நின்றிருந்த சுவரில் சற்று நின்றன.

அவள் கைக்குள் காது நசுங்கியது.

சிஸ்டரின் பார்வை மேசைக்கு வந்தது. அங்கேயே இருந்தது. ஆம்பளைங்க யாரு என்று அவர் கேட்கவில்லை.

“ரெண்டையும் இப்படிக் கதவப் பாத்துத் திருப்பி வச்சது யாரும்மா?”