பெகி உட்காரும் கல்

வரைபடத்துக்கு இடப்பெயர்கள் சேகரிக்க வந்து, மழை விட்ட மலைச்சரிவில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கிழவர் லாக்லன் கைத்தடியால் காட்டிக் காட்டி, கேலிக் என்னும் தன் தாய்மொழியில் இடங்களின் பெயர்களைச் சொல்கிறார்: செம்மான் ஓடை, தையல்காரன் பள்ளம். எதிரே தனியாக நிற்கும் பாறைக்கு வரும்போது குரல் தணிகிறது. "அது பெகி உக்கார்ற கல்லு. நானும் அவளும் மட்டும் சொல்ற பேரு." பெகி அவர் மனைவி, போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். "இன்னொருத்தர் வாயாலயும் கேட்டாத்தான் வரைபடத்துல ஏத்துவாங்க, பெரியவரே," என்கிறேன். இந்த விதியைப் போட்டவன் நாசமாய்ப் போக. "சாட்சி கேக்குறியா? நீ என்ன போலீஸா?" என்று சிரித்தவர், காலடியில் கிடக்கும் நாயிடம் குனிந்து அந்தப் பெயரை மட்டும் சொல்கிறார். நாய் ஈரப் புதர்களைத் தாண்டி நேரே பாறைக்கு ஓடுகிறது. சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கிறது. மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. பிறகு அங்கேயே உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவளுக்காகக் காத்திருக்கிறது.