கழற்றி வைத்த எர்த் வயர்

காலை ஏழரைக்கு ஷெட்டைத் திறந்து காரில் ஏறினேன். பின்சீட்டில் என் மகள் பள்ளிப் பையோடு ஏறி உட்கார்ந்தாள். வண்டி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்குக் கேபிள் மாட்டினார். எத்தனை முறை சாவியைத் திருகியும் ஒரு முனகல்கூட இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார்.

"பேட்டரி ஜம்முனு இருக்கும்மா. கீழ பேட்டரியோட எர்த் வயரை யாரோ கழட்டி வெச்சிருக்காங்க. அது இல்லாம கரண்ட் ஓடாது, அப்புறம் எத்தனை கேபிள் போட்டு என்ன?"

வயரின் முனையில் நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணியைச் சுற்றி, இரட்டை முடிச்சு போட்டிருந்தது. அவர் இன்னும் குனிந்தார்.

"அய்யோ, பிரேக் ஆயில் பூரா கீழ கொட்டிக் கெடக்கு. கெளம்பியிருந்தா இறக்கத்துல வண்டி நின்னிருக்காது. கழட்டினவருக்கு ஒரு கும்புடு போடுங்க."

வண்டியில் கோளாறு தெரிந்தால், யாரும் எடுக்காதபடி சொல்லாமல் கொள்ளாமல் எர்த் வயரைக் கழற்றிவிடுவது என் மாமனாரின் வழக்கம். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை. போன வருஷம் அவரை எரித்தபோது அவர் போட்டிருந்தது அந்த நீலக் கட்டச் சட்டை. ஷெட் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

கை துடைக்க மெக்கானிக் அந்தத் துணியைக் கேட்டார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

பிரேக் சரிசெய்த மறுநாள், முதலில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். வயர் மாட்டியபடியே இருந்தது. மாமனார் இருந்தவரை ஒரு நாள்கூட அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பாதவள், குனிந்து சொன்னேன்.

"போயிட்டு வரோம் மாமா."