போட்டால்தான் ஓடும்

பாண்டிராஜ் பொத்தானை அழுத்தினான். பதினான்கு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டர் ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

மெகருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மகன் சைஃபுல்லாவின் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அவள் கணவர் முகம்மது நூகு கதவருகிலேயே நின்றார். இந்தப் பையனை வீட்டுக்குள் விடுவதில் அவருக்கு இஷ்டமில்லை.

முதலில் தெருக்கோடி கம்ப்யூட்டர் கடைக்காரரைத்தான் கூட்டிவந்தார். அவர் பார்த்துவிட்டு, இதில் விண்டோஸே இல்லை, லினக்ஸ் என்று என்னவோ இருக்கிறது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டார். அழித்துவிட்டு என்ற சொல்லிலேயே மெகருன்னிசா அழுதுவிட்டாள். விஸ்வநத்தத்துப் பாண்டிராஜைக் கூப்பிடுங்கள், மகனோடு எந்நேரமும் இதன் முன்னால் கிடந்தவன், அவனுக்குத் தெரியும் என்றாள்.

அவன் மகனுக்குக் குடிக்கூட்டாளி என்பது அவளுக்குத் தெரியாது. நூகு அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

மகன் இருந்தபோது ஒருநாள், பேப்பர் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதில் விழுந்தது அது. உள்ளே சைஃபுல்லா செல்போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒயின் போட்டேம்லே பாண்டி. மொத ரெண்டு தடவை ஒத்துக்கிடலை. மூணாவது போட்டதுக்கப்புறம் என்னா ஓட்டம்ங்கிறே, இன்னும் கண்ணு சொழலுது. சாயந்தரம் வா, உனக்கும் ஒரு ரவுண்டு தாறேன்."

ஒயின் ஷாப் இருக்கிற தெரு என்பதற்காகவே பள்ளிவாசலுக்குச் சுற்றிப் போகிறவர் நூகு.

கேட்டிருக்கலாம். கேட்டு, அவன் ஆமாம் அத்தா என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்தே கேட்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது நாள். மகன் எதிரே வந்தால் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். என்னத்தா, என்ன கோவம் என்று அவன் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில், ஏதோ ஒரு சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று சலாம் சொன்னான்.

பதில் சலாம் சொல்வது கடமை. நூகுவின் நாக்கு அசையவில்லை.

சூலக்கரைப் பக்கம் நின்றுகொண்டிருந்த லோடு லாரியின் பின்னால் பைக் போய் மோதியது. பட்டப்பகல். நேரான ரோடு.

நிற்கிற லாரி கண்ணுக்குத் தெரியாமலா போகும் என்று ஊர் முழுக்கக் கேட்டது. நூகு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்குத்தான் பதில் தெரியுமே.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் கபர்ஸ்தானுக்குப் போய், மகனை அடக்கிய இடத்தில் கையேந்துவார். அவன் குடித்ததை மன்னித்துவிடு, ரஹ்மானே. மகனுக்காக வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

திரையில் போட்டோக்கள் வர ஆரம்பித்தன. பெருநாள் சட்டையில் ஒன்று. தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு ஒன்று. மெகருன்னிசா கண்ணாடித் திரையில் அவன் கன்னம் இருந்த இடத்தைத் தொட்டாள்.

பாண்டிராஜ் அவற்றை சிடியில் ஏற்றிக்கொண்டே, திரையின் மூலையில் இருந்த சிவப்புக் கார் படத்தைப் பார்த்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த கார் பந்தய விளையாட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கு எம்புட்டுப் பாடுபட்டான் தெரியுமா மாமா. திருட்டு விண்டோஸ் ஹராம், போடவே மாட்டேன்னுட்டான். இந்த கேமு லினக்ஸ்ல ஓடாது. ஒயின்னு ஒரு சாப்ட்வேரு இருக்கு, ஓசிதேன். அதப் போட்டாத்தேன் ஓடும். நான் வீட்டுல போயி ஒயின் போட்டோம்னு ஒளறிட்டேன், எங்கம்மா வெளக்குமாத்தத் தூக்கிட்டா. நாலு சாத்து சாத்துன பெறகுதேன் என்னலேன்னு கேட்டா."

மெகருன்னிசா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அவள் சிரித்து நூகு பார்த்ததில்லை.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பாண்டிராஜின் அம்மா விடிந்தால் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுகிற பொம்பளை. அடித்துவிட்டாவது கேட்டிருக்கிறாள்.

பாண்டிராஜ் கார் படத்தைத் தட்டினான். கொஞ்ச நேரம் இருட்டாக இருந்த திரையில் ரோடு விரிந்தது. சிவப்புக் கார் புறப்படும் கோட்டில் உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்ட அவன் கை வைக்கவில்லை.

உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மெகருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னாள்.

"ஒங்க மாமாவுக்கு மகன்மேல அம்புட்டுப் பாசம்ப்பா. அன்னிக்கு முகத்த மூடப்போற நேரம், கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போயி, குனிஞ்சு முத்தங்கொடுத்துல்ல அனுப்புனாக."

இதை இதுவரை நூகு மறுத்ததில்லை. இன்றும் மறுக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனது உண்மை. குனிந்ததும் உண்மை.

மகனின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

அத்தரும் கற்பூரமும் தவிர ஒரு வாடையும் இல்லை. குளிப்பாட்டியதில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.