பழைய சிஸ்டமே போதும்

அவள் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்த கடை மெக்கானிக்குக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது.

"ஏங்க, இன்னும் இந்தப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையா கட்டிக்கிட்டு அழறீங்க? புதுசு வந்து ஒரு வாரமாச்சு. போட்டு விடட்டுமா?"

"வேண்டாங்க. கீபோர்டை மட்டும் மாத்திக் குடுங்க," என்றாள் அவள்.

"எங்கம்மாவே புதுசுக்கு மாறிட்டாங்க. பார்த்தா படிச்சவங்களாட்டம் இருக்கீங்க!" பக்கத்தில் காத்திருந்தவரிடம் திரும்பினார். "சில பேருக்குப் புதுசுன்னாலே அலர்ஜி சார்."

அவரும் சிரித்தார். அவளுக்குக் காது சுட்டது. கீபோர்டு மாட்டி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் விடவில்லை. "அப்படி என்னதாங்க பயம்?"

"அந்தப் புது சிஸ்டத்தைச் சோதிச்சுப் பார்த்த டீமுக்கு நான்தான் தலைவி. சில கம்ப்யூட்டர்ல போட்டோவை எல்லாம் அழிச்சிடுது, வெளியிடாதீங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். பயந்தாங்கொள்ளின்னு மேலதிகாரிங்க சிரிச்சாங்க, உங்களை மாதிரியே."

மெக்கானிக்கின் முகம் வெளிறியது.

"அக்கா, குழந்தை பொறந்ததுலேருந்து எடுத்த போட்டோ எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நேத்துதான் புதுசு போட்டேன். பழசுக்கு எப்படித் திரும்பறது?"

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்தாள்.

"முதல்ல வீட்டுக்குப் போய் போட்டோ இருக்கான்னு பாருங்க தம்பி."